மருத்துவர் பூர்நெவில்

பிரான்சு தேசத்தின் வடபாகத்தில் நார்மண்டி என்றொரு நாடுண்டு. அங்குள்ள கரான்சியேர் என்னும் சிற்றூரில் 1840-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் தெசிரே மக்லுவார் பூர்நெவில் பிறந்தார். பாரிஸ் மாநகரம் சென்று வைத்திய சாஸ்திரம் பயின்றார். 1866-ஆம் ஆண்டில் அமியேன் நகரில் வாந்திபேதி கொடிதாய்ப் பரவியகாலை, இன்னும் பயிற்சி நிலையிலேயே இருந்த இவர் தாமாகவே முன்வந்து ஆங்குச் சென்று நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். நகரத்தார் நன்றியறிதலாகப் பொற்கடிகாரம் ஒன்றைப் பரிசளித்தனர். 1871-ஆம் ஆண்டுப் பாரிஸ் கலகத்தில், பித்தியே ஆஸ்பத்திரியிற் காயமுற்றுக் கிடந்த தங்கள் பகைவரைக் கலகக்காரர் கொல்லத் துணிந்தபோது, இவரே இடைநின்று அவர்களைக் காத்தார். படுக்கையிற் கிடப்பவன் எக்கட்சியினனாயினும் நோயாளியே என்னும் எண்ணம் இவருக்கு இளமையிலேயே வேரூன்றியிருந்தது போலும்.

சல்பேத்ரியேர் என்னும் பெண்கள் ஆஸ்பத்திரியில் ஷார்க்கோ என்ற பேராசிரியர் நரம்பு நோய்களைப்பற்றிச் செய்த விரிவுரைகள் ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றவை. அவற்றைத் தொகுத்து நூலாக்கியவருள் தலையாயவர் பூர்நெவில். 1873-இல் ஒரு வைத்திய வாரப் பத்திரிகையையும், 1880-இல் நரம்பு சாஸ்திரத்திற்கென ஒரு பத்திரிகையையும் தொடங்கி நடத்தினார்.

இவர் பெயர் இன்றும் வைத்திய நூல்களில் வழங்குதற்குக் காரணம் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் நோயாகும். அவள் குழந்தைப் பருவமுதல் காக்காய்வலிப்பினால் வருந்தினாள், அறிவு வளரவில்லை, மூக்கிலும் கன்னங்களிலும் சிறு பருக்கள் நெருங்கியிருந்தன. அவள் இறந்தபின் உடலை அறுத்துச் சோதித்த பூர்நெவில், மூளையின் மடிப்புகளில் ஆங்காங்கே வெளிறிக் கெட்டிப்பட்ட திரட்சிகளைக் கண்டார். தொட்டால் கிழங்குபோல் இருந்தமையின் அந்நோய்க்குக் கிழங்குக் கடினம் என்ற பொருள்படப் பெயரிட்டு 1880-இல் வெளியிட்டார். குண்டிக்காய் என நம்மவர் கூறும் சிறுநீரகங்களிலும் சிறு கட்டிகள் இருந்தன. அவற்றைக் குறித்து வைத்தாரேயன்றி மூளை நோயோடு பிணைத்துக் கூறிற்றிலர். மறு ஆண்டில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பிரிசோ என்னும் மருத்துவரோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, அதே வலிப்பு, அதே மூளைத் திரட்சி, அதே சிறுநீரகக் கட்டிகள்! ஒருமுறை கண்டதைத் தற்செயல் என்று விடலாம்; இருமுறை கண்டதை அங்ஙனம் விடுதல் இயலுமோ? மூளைக்கும் சிறுநீரகத்திற்கும் இந்நோயில் ஏதோ உறவுண்டென்று இருவரும் ஐயுற்றனர்.

அவ்வையம் மெய்யென்பது பிற்காலத்தார் ஆராய்ச்சியால் விளங்கிற்று. இது பரம்பரையாய் வரக்கூடிய நோய். எனினும் நோயாளிகளுள் மூன்றில் இரு பங்கினர் பெற்றோரிடம் நோயின்றியே புதிதாய் இதனை அடைகின்றனர். ஒன்பதாம் நிறக்கோலிலோ பதினாறாம் நிறக்கோலிலோ உள்ள ஒரு மரபணு கெடுவதே காரணமென 1990-க்குப் பின் கண்டறிந்தனர். அம்மரபணுக்கள் உயிரணுக்களின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போன்றவை. கடிவாளம் அறுந்தால் வளர்ச்சி கட்டுக்கடங்காது. சிறுநீரகத்தில் தோன்றும் கட்டி இரத்தக்குழாயும் தசையும் கொழுப்பும் கலந்தது, பெரும்பாலும் புற்றுநோயன்று. ஆயினும் அதிலுள்ள குழாய்கள் வலிவற்றுப் புடைத்திருத்தலின், கட்டி 4 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் வெடித்து உள்ளே உதிரம் பெருகும் அபாயம் மிகுகின்றது. வலிப்புக்குத் தப்பி வயதடைந்தோர் பலருக்கு உயிர்க்கிறுதி சிறுநீரகத்தாலேயே நேர்ந்திருக்கிறது. அறுந்த கடிவாளத்தின் வேலையை ஓரளவு செய்யும் எவரோலிமஸ் என்ற மருந்தை 2012-இல் அமெரிக்க அரசாங்கம் இக்கட்டிக்கென அனுமதித்தது. உண்ணுங்கால் கட்டி சுருங்குகின்றது. நிறுத்தினால் மீண்டும் வளர்கின்றது.

பூர்நெவிலின் காலத்தில் மருந்தேது? ஆயினும் மருந்தில்லாதவிடத்துச் செய்யத்தக்கது யாதுமில்லை என்று அவர் வாளா இருந்தாரல்லர். 1879-முதல் 1905-வரை பிசேத்ர் ஆஸ்பத்திரியில் அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பகுதி இவர் பொறுப்பிலிருந்தது. மூடரென்றும் முழுப்பித்தரென்றும் உலகம் தள்ளிய அச்சிறுவர்க்கு நடக்கவும், உண்ணவும், பொத்தான் மாட்டவும் பொறுமையுடன் கற்பித்தனர். தேகப்பயிற்சியும் பள்ளியும் ஏற்பட்டன. தச்சு, தையல், செருப்புத் தொழில், அச்சு முதலியவற்றிற்குப் பட்டறைகள் எழுந்தன. இவர் ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கைகள் பல நூற்றுக்கணக்கான பக்கங்கள் உடையன. கட்டிகளைக் கண்டதினும் இதுவே பெரிதென்பது என் துணிபு.

இனி, நம்போன்ற கிறிஸ்தவக் கல்லூரியார் கூசாமற் பேசவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பூர்நெவில் மதகுருமாரின் அதிகாரத்திற்குப் பெரும்பகைவர். 1876-முதல் பாரிஸ் நகர சபையிலும், 1883-முதல் 1889-வரை தேசப் பிரதிநிதி சபையிலும் அமர்ந்து, அரசாங்க ஆஸ்பத்திரிகளினின்றும் கன்னியாஸ்திரீகளை நீக்கவேண்டுமென ஓயாது போராடினார். பல தலைமுறைகளாய் ஏழைகளின் புண்ணைக் கழுவிய அம்மாதரைத் தயவின்றி விலக்கியது கடுமையே. அவர்தம் அன்பை இவர் சரியாக எடையிட்டாரென்று நான் ஒப்பேன். ஆயினும் இடித்தவர் கட்டாமல் விடவில்லை. 1878-இல் சல்பேத்ரியேரிலும் பிசேத்ரிலும் தாதியர் பள்ளிகள் நிறுவி, எழுத்தறியாத வேலைக்காரிகளுக்கும் எழுத்து முதல் உடற்கூறு வரை இலவசமாய்க் கற்பிக்கச் செய்தார். அன்பிருந்தும் பயிற்சியில்லாத கை நோயாளிக்குத் தீங்கிழைக்கக்கூடும் என்ற இவர் கூற்றை நம் மிஷன் ஆஸ்பத்திரிகளே தாதியர் பள்ளிகள் வைத்து ஒப்புக்கொண்டிருக்கின்றன அன்றோ?

அறிவு குன்றிய குழந்தைகளுக்குச் சாதாரணப் பள்ளிகளிலேயே தனி வகுப்புகள் வேண்டுமென்று இவர் பல ஆண்டுகள் வாதாடினார். அதற்கான சட்டம் 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் நிறைவேறிற்று. அடுத்த மே மாதத்தில், தமது அறுபத்தெட்டாம் வயதில், பூர்நெவில் பாரிஸில் காலமானார்.