யுன்னானிலிருந்து மலிந்தி வரை: கடற்தளபதி செங் ஹோ

மலாக்காவுக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகள் செங் ஹோ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அவர் ஒரு முஸ்லிம் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் அவருடைய கப்பல்கள் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைவரை சென்றதையும், அந்த வழியில் தமிழுக்கும் ஓர் இடம் இருந்ததையும் நம் வீடுகளில் அதிகம் பேசுவதில்லை. ஆப்பிரிக்காவில் சீனா போடும் ரயில் பாதை, கட்டும் துறைமுகம் பற்றியெல்லாம் நாளிதழில் படிக்கிற நாம், அறுநூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே போனவரையும் அறிந்துகொள்வது நல்லது.

1371இல் சீனாவின் தென்மேற்கிலுள்ள யுன்னான் பகுதியில், குன்யாங் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பப் பெயர் மா. பாட்டனாரும் தந்தையாரும் மக்கா சென்று திரும்பியவர்கள். இருவரையும் ஊரார் ஹாஜி என்றே அழைத்தனர். மிங் அரசின் படை யுன்னானைத் தாக்கியபோது தந்தையார் இறந்தார். பத்து வயதையொட்டிய சிறுவன் சிறைபிடிக்கப்பட்டு, ஆண்மை நீக்கப்பட்டு, அரண்மனை ஊழியத்தில் சேர்க்கப்பட்டான். படிக்க மனம் கசந்தாலும் இதைச் சொல்லாமல் அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது. அவர் பணிசெய்த இளவரசர் சு டி, 1402இல் தன் அண்ணன் மகனை வீழ்த்தி யுங்லோ பேரரசர் ஆனார். நம்பிக்கைக்குரிய ஊழியருக்குச் செங் என்னும் புதுக் குடும்பப் பெயரைச் சூட்டினார்.

1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். முதற்பயணத்தில் மட்டும் இருபத்தேழாயிரம் பேருக்கு மேல் சென்றனர். முதல் மூன்று பயணங்களும் கள்ளிக்கோட்டைவரை வந்து திரும்பின. நான்காவது ஹோர்முஸைத் தொட்டது. மொழிபெயர்ப்பாளராகப் போன மா ஹுவானும் முஸ்லிம். வழியில் பார்த்த ஊர்களைப் பற்றி அவர் எழுதிவைத்த நூலால்தான் நமக்கு இவ்வளவு தெரிகிறது.

1415இல் கென்யக் கரையிலுள்ள மலிந்தியின் தூதர்கள் ஓர் ஒட்டகச்சிவிங்கியோடு சீன அரசவைக்கு வந்து சேர்ந்தார்கள். நல்லாட்சி நடக்கும்போது மட்டும் தோன்றும் என்று சீனர் நம்பிய கிலின் என்னும் விலங்கே வந்துவிட்டதாக அரசவை கொண்டாடியது. வந்த தூதர்களை ஊர்கொண்டு சேர்க்கும் பொறுப்பு செங் ஹோவுக்கு. 1417இல் புறப்பட்ட ஐந்தாம் பயணம் அவர்களையும் ஏற்றிக்கொண்டு மொகதீசு, பராவா, மலிந்தி எனச் சென்றது. திரும்பும்போது சிங்கம், வரிக்குதிரை, தீக்கோழி எல்லாம் கப்பலேறின. கடலில் அவற்றுக்குத் தீனி போட்டவர்களின் பாடு என்னவாயிருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் நமக்கே மலைப்பாக இருக்கிறது!

இந்தக் கொடுக்கல் வாங்கலின் கணக்கு விசித்திரமானது. சிறிய துறைமுகங்கள் காணிக்கை கொண்டுவரும். பேரரசர் அதைவிட அதிகமாகப் பட்டும் பீங்கானும் திருப்பித் தருவார். துறைமுகத்து வணிகருக்கு ஆதாயம், பேரரசருக்குப் பெருமை. கடை நடத்திப் பழகிய நம் பெரியவர்களுக்கு இதில் என்ன கோளாறு என்று சொல்லத் தேவையில்லை. வரவைவிடச் செலவு மிஞ்சிய இந்த வியாபாரம், முதலாளி உள்ளவரை ஓடியது.

அவரைச் சமாதானத் தூதர் என்று மட்டும் எழுதுகிறவர்கள் இலங்கையைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கே அவர் நிறுவிய கல்வெட்டு 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் சீனம் புத்தரையும், தமிழ் தென்னாவர நாயனாரையும், பாரசீகம் இஸ்லாத்தையும் போற்றுகின்றன. மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கைகள். இக்கடலில் வணிகம் செய்ய எந்த மொழிகள் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனால் 1411இல் அதே தீவில் போர் மூண்டது. அந்நாட்டு ஆட்சியாளரைப் பிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனார்கள். பரிசுப் பொருளும் படைவீரரும் ஒரே கப்பலில்தான் வந்தார்கள். மொகதீசுவின் வணிகர்களும் அதைக் கவனித்தே பேசியிருப்பார்கள் என்று கருதுகிறோம்.

1424இல் யுங்லோ காலமானதும் பயணங்கள் நிறுத்தப்பட்டன. அவருடைய பேரன் பட்டத்துக்கு வந்தபின், அறுபது வயதில், செங் ஹோ கடைசியாக ஒருமுறை புறப்பட்டார். அதற்கு முன் 1431இல் சாங்லோவில் கடல் தேவதைக்குக் கல் நாட்டி, மொகதீசு அனுப்பிய விலங்குகளையும் அதில் பதிந்துவைத்தார். 1417இல் சுவான்சோவின் முஸ்லிம் அடக்கத்தலங்களில் நறுமணப் புகையிட்டவரும் அவரே. அரசு ஊழியரான அவரை இன்றைய அளவுகோலால் நாம் அளப்பதற்கில்லை. அக்கடைசிப் பயணத்தில் அவருடைய கூட்டத்தார் சிலர் கள்ளிக்கோட்டையிலிருந்து மக்காவுக்குச் சென்றனர். ஹாஜியின் மகனும் ஹாஜியின் பேரனுமான அவர் ஹஜ் செய்ததாகப் பதிவு எதுவும் இல்லை. 1433இல் கடல்வழியில் இறந்தார் என்பர்; 1435இல் நான்ஜிங்கில் என்பாரும் உண்டு.

2013இல் கென்யாவின் மண்டா தீவில் யுங்லோ காலத்துக் காசு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. இன்று சீனத் தலைவர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போனால் செங் ஹோவின் பெயரைச் சொல்கிறார்கள். அவர் ஏற்றிவந்த தூதர்களின் கதையை அவ்வளவாகச் சொல்வதில்லை. கப்பல்கள் நின்றுபோனதால் பதினொரு நாடுகளின் தூதர்கள் ஊர் திரும்ப வழியின்றிச் சீனாவில் காத்திருந்தனர். கள்ளிக்கோட்டை, இலங்கை, ஏடன், மக்கா, அவர்களோடு நம் காயல் துறையும் அப்பட்டியலில் உண்டு. 1436இல் புதிய பேரரசர் அவர்கள் அனைவரையும் ஜாவாவின் தூதர்களோடு சேர்த்து, ஜாவாக்காரர்களின் கப்பலில் ஏற்றி அனுப்பிவைத்தார்.