கலைக்கு ஓர் ஊர் கண்டவர்

படிப்பு முடிந்ததும் வயிற்றுக்கு உழைப்பதா, உள்ளம் விரும்பும் பணிக்கு உழைப்பதா? மாணவ நண்பர்களே, நம்மையெல்லாம் வாட்டும் இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலேயே விடை தந்தவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்.

1911இல் கோவையில் பிறந்தார் அவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் பயின்ற நாளில் தந்தை மறைந்தார். குடும்பச் சுமை தோளேறியது. தந்தி இலாகாவிலும் இன்ஷுரன்ஸ் துறையிலும் உழைத்தார். ஆயினும் தூரிகையை மறந்தாரில்லை. 1936இல் சென்னைக் கலைப்பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியராகி, 1957இல் முதல்வரும் ஆனார். இடையே 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவிப் புதுமை ஓவியத்துக்குத் தென்னாட்டில் வழி திறந்தார்.

ஆனால் ஒரு கவலை அவர் நெஞ்சை அரித்தது. ஆண்டுதோறும் பள்ளியை விட்டு வெளியேறும் இளம் ஓவியர் என்ன ஆவர்? புதுமை ஓவியத்தை வாங்குவார் அரியர். பிழைப்புக்காக அவர்கள் வேறு வேலை தேடிப் போய்விட்டால் கலை வளர்வது எங்ஙனம்?

கைத்தொழிலில் விடை கண்டார். துணியில் உருகிய மெழுகால் வரைந்து சாயத்தில் தோய்த்தால், மெழுகுள்ள இடம் சாயம் ஏற்காது. மெழுகை நீக்கினால் உருவம் தோன்றும். பாத்திக் எனும் இவ்வேலையையும் பிற கைவினைகளையும் ஓவியர்கள் செய்து விற்றனர். அந்த வருவாயின் துணையால் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில், ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. வீடும் பட்டறையும் ஓவியக்கூடமும் அமைந்தன. கைவினை சோறிட்டது, ஓவியம் எவர்க்கும் அஞ்சாமல் தன் வழி சென்றது.

நான் அறிவியல் மாணவன். பிழைப்புக்காகத் தமிழகம் விட்டு வந்த குடும்பத்தில் பிறந்து, தையலும் சரிகை வேலையும் ஓயாத கோவண்டியில் வாழ்பவன். கைத்தொழிலைத் தாழ்வென எண்ணும் படித்தவர் பலரை இங்கும் காண்கிறேன். கலைப்பள்ளியின் முதல்வரோ அத்தொழிலையே கலைக்குக் காவலாக்கினார்!

இன்னொன்றும் என்னை ஈர்க்கிறது. 1963இல் அவர் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' எனும் ஓவிய வரிசையில் எழுத்துகளும் சாதகக் கட்டங்களும் கணிதக் குறிகளும் கலந்து நிற்கின்றன. நாம் தேர்வுக்காக உருப்போடும் குறிகள் அவர் கையில் ஓவியமாயின.

1977இல் பணிக்கர் மறைந்தார். அவர் கண்ட ஊர் மறையவில்லை. விடுமுறையில் சென்னை செல்லும் நண்பர்களே, ஈஞ்சம்பாக்கம் வரை ஒருமுறை சென்று வாருங்கள். வேலையா விருப்பமா என்று மயங்கும் நமக்கு, இரண்டையும் ஒருங்கே காத்தோர் வாழ்ந்த இடம் அது.