காட்டுக் கோதுமையைக் கண்டெடுத்த ஆரோன்சன்

உங்கள் வீட்டில் சம்பா கோதுமை ரவை வாங்குவீர்கள்தானே? அது எம்மர் என்ற பழைய கோதுமை இனம். உமி மணியை இறுகப் பற்றியிருக்கும். களத்தில் அடித்தால் மட்டும் போதாது, குத்தித்தான் எடுக்க வேண்டும். சப்பாத்திக் கோதுமையும் இந்த வம்சாவளியில் வந்ததுதான். எம்மருக்கும் தாயான காட்டுச் செடியை அது வளரும் மண்ணிலேயே தேடிக் கண்டு உலகுக்குச் சொன்னவர் ஆரோன் ஆரோன்சன் என்ற யூத வேளாண் அறிஞர். தாயகத்துக்காக அவரும் அவர் குடும்பமும் கொடுத்த விலை பெரிது.

பயிரோடு கலந்த தாயகம்

கி.பி. 70-ல் ரோமப் படை எருசலேம் கோயிலை இடித்தது. காலப்போக்கில் யூதர்களில் பெரும்பாலோர் பல நாடுகளில் சிதறி வாழ்ந்தார்கள். ஆனால் பழைய மண்ணின் பட்டத்தை அவர்கள் மறக்கவில்லை. ஐரோப்பாவின் குளிர் ஊர்களில் இருந்தபோதும், பாலஸ்தீனத்தில் மழை தொடங்கும் பருவத்தில்தான் மழைக்காக வேண்டினார்கள். கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை என அந்த மண்ணின் ஏழு விளைச்சல்களையும் தலைமுறை தலைமுறையாக நினைவில் வைத்திருந்தார்கள்.

ஆரோன்சன் 1876-ல் ருமேனியாவில் பிறந்தார். அங்கே பெரும்பாலான யூதர்களுக்குக் குடியுரிமையும் இல்லை, விளைநிலம் வாங்கும் உரிமையும் இல்லை. 1882-ல் அவருடைய பெற்றோர் ஆறு வயதுப் பிள்ளையோடு பாலஸ்தீனம் வந்து, கார்மல் மலைத்தொடரின் தென்பகுதியில் சிக்ரோன் யாக்கோவ் என்ற ஊரை உருவாக்கியவர்களோடு சேர்ந்தார்கள். அப்போது அது துருக்கியரின் ஆட்சியில், அரபு மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நாடு. வந்தவர்களுக்கு உழவு பழக்கமில்லை, நிலம் கல்லும் முள்ளும், போதாததற்கு மலேரியா. பாரிஸ் செல்வந்தர் எட்மண்ட் டி ரோத்ஸ்சைல்ட் கைகொடுத்ததால் ஊர் பிழைத்தது. ஆரோன்சனின் ஆர்வத்தைக் கண்டு, பிரான்சின் கிரினியோன் வேளாண் கல்லூரிக்கு அவரை அனுப்பிப் படிக்க வைத்ததும் அவர்தான்.

பாறை இடுக்கில் ஒரு கதிர்

படித்துத் திரும்பியவர் குதிரையில் நாடு முழுவதும் சுற்றி, செடிகளையும் மண்ணையும் நீரூற்றுகளையும் குறித்து வைத்தார். காட்டுக் கோதுமையின் உலர்ந்த மாதிரி ஒன்று 1855-லேயே ஹெர்மோன் மலைப் பகுதியில் சேகரிக்கப்பட்டு, ஐரோப்பாவில் இருந்தது. ஆனால் அது உண்மையில் காட்டில் தானாக வளர்வதுதானா என்ற சந்தேகம் தீரவில்லை. தேடிப் பார்க்கும்படி ஜெர்மானிய அறிஞர்கள் அவரைத் தூண்டினார்கள்.

1906 ஜூன் மாதம் ரோஷ் பினா என்ற ஊரில், சுண்ணாம்புப் பாறை இடுக்கில் அந்தச் செடி அவர் கண்ணில் பட்டது. பிறகு ஹெர்மோன் சரிவுகளில் ஏராளமாகக் கண்டார். முற்றியதும் அதன் கதிர் தானாகவே உடைந்து உதிரும். அடுத்த மழைக்கு விதை தானே முளைக்கும். மனிதர் கைபடாத செடி என்பதற்கு அதுவே அடையாளம். கல் நிலத்திலும் வறட்சியிலும் தாக்குப்பிடிக்கும் இந்தச் செடியைப் பயிர்க் கோதுமையோடு கலந்தால் மானாவாரிக்கு ஏற்ற ரகங்கள் கிடைக்கும் என்று அவர் கணித்தார்.

அமெரிக்க வேளாண் துறை அவரை அழைத்தது. அமெரிக்க யூதர்கள் தந்த பணத்தில் 1910-ல் கடலோர அத்லித்தில் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அங்கே அரபுத் தொழிலாளர்களையும் அவர் வேலைக்கு வைத்தார். யூத நிலத்தில் யூதரே உழைக்க வேண்டும் என்று சொன்ன புதிய குடியேறிகள் அதற்காக அவர்மேல் கோபப்பட்டார்கள்.

வெட்டுக்கிளி காட்டிய உண்மை

1915-ல், முதல் உலகப் போரின் நடுவே, வெட்டுக்கிளிக் கூட்டம் பாலஸ்தீனத்தை மூடியது. துருக்கித் தளபதி ஜெமால் பாஷா ஒழிப்புப் பணியை ஆரோன்சனிடம் ஒப்படைத்தார். 15 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் ஒவ்வொருவரும் 20 கிலோ முட்டை தோண்டிக் கொடுக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. பறக்கத் தொடங்காத குஞ்சுகளைக் குழிகளுக்குள் விரட்டி அழித்தார்கள். அப்படியும் விளைச்சல் போனது, பஞ்சம் வந்தது.

இந்தப் பணிக்காக ஊர் ஊராகப் போனபோது, உழவர்களின் தானியத்தையும் மாட்டையும் படை பிடுங்கிக்கொள்வதை அவர் பார்த்தார். அந்த ஆண்டின் முடிவில் தங்கை சாரா கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஊர் திரும்பினார். ஆர்மீனியர்கள் கொல்லப்படுவதை வழியில் நேரில் கண்டு வந்திருந்தார். நாளை நமக்கும் இதே கதிதான் என்று அண்ணனும் தங்கையும் முடிவுக்கு வந்தார்கள். நண்பர் அப்சலோம் ஃபைன்பெர்க்கோடு சேர்ந்து, பிரிட்டிஷாருக்குத் தகவல் தரும் நீலி என்ற ரகசியக் குழுவில் செயல்பட்டார்கள். பிடிபட்டால் ஊரே அழியும் என்று யூதர்களிலேயே பலர் எதிர்த்தார்கள்.

ஆரோன்சன் ஐரோப்பா வழியாகத் தப்பிக் கெய்ரோ சேர்ந்தார். அத்லித் நிலையமே உளவு நிலையமானது. இரவில் கப்பல் வந்து செய்தி எடுத்துப் போகும், பஞ்சத்தில் வாடியவர்களுக்குப் பொற்காசு கொண்டுவரும். குழுவைச் சாரா நடத்தினார். 1917 ஜனவரியில் எகிப்து எல்லை நோக்கிப் போன ஃபைன்பெர்க் பாலைவனத்தில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு எகிப்து வந்த சாரா அங்கேயே பத்திரமாக இருந்திருக்கலாம். ஆனால் ஊருக்கே திரும்பினார். செப்டம்பரில் செய்திப் புறா ஒன்று துருக்கியர் கையில் சிக்கியது. அக்டோபரில் ஊர் வளைக்கப்பட்டது. நாட்கணக்கில் சித்திரவதைப்பட்டும் வாய் திறக்காத சாரா, துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டு, அக்டோபர் 9 அன்று 27 வயதில் இறந்தார். அண்ணனுக்குச் செய்தி பல வாரங்கள் கழித்தே போய்ச் சேர்ந்தது.

நீரும் எல்லையும்

தாவரம் தேடித் திரிந்த நாட்களில் சேர்த்த நீரூற்று, கிணறு பற்றிய அறிவுதான் ஆரோன்சன் பிரிட்டிஷ் படைக்குக் கொடுத்த பெரிய கொடை. தண்ணீரில்லாத தெற்கு வழியாகப் படை முன்னேற அது உதவியது. போருக்குப் பின் பாரிஸ் சமாதான மாநாட்டில், நாட்டின் எல்லையை ஆற்று நீரின் பிறப்பிடங்களை வைத்தே வகுக்க வேண்டும் என்று வாதாடினார். நீரில்லாத நிலம் நிலமே அல்ல என்பது உழவருக்குப் புதிதல்லவே.

1919 மே 15 அன்று லண்டனிலிருந்து பாரிஸ் போன விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அப்போது ஆரோன்சனுக்கு வயது 42. உடல் கிடைக்கவே இல்லை. அத்லித் நிலையம் போரில் பாழாகியிருந்தது. அந்த மண்ணைத் தாயகமாகக் கொண்ட யூதருக்கும் அரபு மக்களுக்கும் இடையிலான வழக்கு இன்றும் தீரவில்லை.

அவர் கண்ட செடி மட்டும் உலகத்துக்கே பொதுவானது. மஞ்சள் துரு நோயைத் தாங்கும் மரபணுவும், மணியில் புரதத்தைக் கூட்டும் மரபணுவும் காட்டு எம்மரிலிருந்து இன்றைய கோதுமைக்கு வந்திருக்கின்றன. ஆகவே அடுத்த முறை உங்கள் வரப்பிலோ ஏரிக்கரையிலோ பயிரைப் போலவே தோன்றும் காட்டுச் செடியைப் பார்த்தால், களை என்று பிடுங்கும் முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். அருகிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். நாளைய பயிருக்குத் தேவையான குணம் அதில் இருக்கலாம்.