மணி அடித்த பிறகே உள்ளே போன மாணவன்

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்கள், தோழர்களே! ஒரு பையன் வராமற் போனால், சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் பெயருக்கு நேரே எழுதிவிடுகிறார்கள், நின்றுவிட்டான் என்று. ஒரே சொல்! நின்றான் என்று எழுத இடமிருக்கிறது; நிறுத்தியது யார் என்று எழுத அந்த ஏட்டிலே கட்டம் கிடையாது.

வெம்பாக்கத்திலும் செய்யாற்றிலும் ஆரணியிலும் தறிச் சத்தத்திலே பிறந்து, தறிச் சத்தத்திலே வளர்ந்த தோழர்களுக்கு இது புதிய சேதி அல்ல. தம்மோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு எழுதினார்கள் என்று விரல் மடக்கிப் பார்க்கட்டும். அதிலே சேரியிலிருந்து வந்தவர் எத்தனை பேர் என்றும் கூடவே எண்ணட்டும். கேட்டால், படிப்பு ஏறவில்லை என்பார்கள். அக்கறை இல்லை என்பார்கள். அந்த ஜாதிக்கே அப்படித்தான் என்று அடித்துப் பேசுகிற மேதாவிகளும் உண்டு!

ஏறவில்லையா, ஏற விடவில்லையா? விடை வேண்டுவோர், நமக்குக் கிழக்கே, செங்கற்பட்டுச் சீமையிலே பிறந்த ஒருவருடைய வாழ்க்கையைப் பார்த்தால் போதும். இரட்டைமலை சீனிவாசன் என்று பெயர். சிலையும் தபால் தலையும் பெற்றுவிட்ட பெயர்தான். ஆனால் அவர் மாணவனாக இருந்த கதையை நம்மில் பலர் அறிந்ததில்லை.

மதுராந்தகத்துக்கு அருகே கோழியாளம் என்ற சிற்றூரில், 1859-60 வாக்கில் பிறந்தார். அந்தக் காலத்துச் செங்கற்பட்டில் தாழ்த்தப்பட்டவன் நிலை என்னவென்று கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் என்ற வெள்ளைக்காரரே 1891இல் அறிக்கை எழுதியிருக்கிறார். குடிசை போட்ட மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம். எதிர்த்துப் பேசினால் கூரையைப் பிரித்துக்கொண்டு போகவேண்டியதுதான். அப்படிப்பட்ட ஊரிலே, மாடு மேய்க்கவேண்டிய பையனைப் பலகையும் கையுமாகப் பள்ளிக்கு அனுப்ப எத்தனை தகப்பனுக்குத் துணிவு வரும்?

சீனிவாசனின் குடும்பம் பிழைப்பு தேடி ஊர்விட்டு ஊர் போயிற்று. கோவையிலே அவருக்குப் படிக்க வாய்ப்புக் கிடைத்தது. அங்கே நடந்ததைப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஏறத்தாழ 400 மாணவர்கள். அவர்களில் பத்துப் பேர் நீங்கலாக அத்தனை பேரும் பார்ப்பனப் பிள்ளைகள். சீனிவாசன் என்ன செய்வார் தெரியுமா? பள்ளிக்கு வந்து சேர்ந்தாலும் உள்ளே போகமாட்டார். வெளியிலே தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்து எல்லோரும் வகுப்புக்குள் போன பிறகே உள்ளே நுழைவார். வகுப்பு கலைந்ததும் மற்றவர்கள் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில் வீட்டை நோக்கி நடப்பார். விளையாட்டு இல்லை, தோழன் இல்லை. யாராவது அருகே வந்தால் ஊர் எது, உறவு யார், ஜாதி என்ன என்று கேட்பார்களே! கேட்டுத் தெரிந்துகொண்டால் இழிவாக நடத்துவார்களே!

யாரும் அவரை அடித்ததாகச் செய்தி இல்லை, துரத்தியதாகவும் இல்லை. ஆனாலும், விளையாடவேண்டிய வயதிலே ஒரு சிறுவன், தன்னையே கட்டுமூட்டையாகக் கட்டி ஒளித்துவைத்துக்கொண்டு பாடம் கேட்டான். கணக்கும் இலக்கணமும் படிப்பதற்கு முன்னால் அவன் படிக்கவேண்டியிருந்த பாடம் அது. இப்படிப் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்க எத்தனை சிறுவர்களால் முடியும்? முடியாதவன் ஒரு நாள் வரமாட்டான். மறுநாளும் வரமாட்டான். பதிவேட்டிலே எழுதிவிடுவார்கள், நின்றுவிட்டான் என்று!

அது அந்தக் காலம் என்று யாரேனும் சொல்வாராயின், 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியிலே நடந்ததை அவர் மறந்துவிட்டார் என்று பொருள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த தாழ்த்தப்பட்ட மாணவன் ஒருவன், உடன் படித்தவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று கேட்டறிந்தார்கள். அவனும் உள்ளதைச் சொன்னான். சொன்னதற்குப் பரிசாக இரவிலே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பின் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்து, 2024இல் அறிக்கை தந்தது. அந்தப் பிள்ளை பிழைத்தெழுந்து தேர்வெழுதித் தேறினான். கோவையிலே மௌனமாக இருந்த சிறுவன் எதற்கு அஞ்சினான் என்பது இப்போது விளங்குகிறதா?

இது நம் நாட்டுக்கு மட்டும் வாய்த்த நோயும் அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்திலே, மெக்சிகோ வமிசத்துக் குழந்தைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெற்றோர் வழக்காடி 1947இல் அப்பீல் கோர்ட்டிலும் வென்றார்கள். ஆனால் சேர்த்துக்கொண்ட பிறகு என்ன நடந்தது? தாய்மொழியாம் ஸ்பானிஷில் பேசினால் தண்டனை; கல்லூரிப் படிப்பு உனக்கெதற்கு, கைத்தொழில் கற்றுக்கொள் என்று உபதேசம். பாதிப் படிப்பில் போனவர்கள் ஏராளம். கடைசியில் 1968 மார்ச்சில் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளிகளிலிருந்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் ஒன்றாக எழுந்து வெளிநடப்புச் செய்தார்கள். கைத்தொழில் கற்றுக்கொள் என்ற அந்த உபதேசத்தை நாமும் கேட்டிருக்கிறோமே! 1953இல் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பார் என்று ராஜாஜி மந்திரிசபை ஒரு திட்டம் போட்டது. நாடு கொதித்தெழுந்தது; 1954இல் காமராசர் அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

சீனிவாசனிடம் திரும்புவோம். படித்து முடித்து நீலகிரியிலே வெள்ளைக்காரர் கம்பெனிகளில் கணக்கராக வேலை பார்த்தார். 1890இல் சென்னை வந்தார். பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை வெளியிட்டார். பெயர் என்ன வைத்தார் தெரியுமா? பறையன்! ஜாதி தெரிந்துவிடுமே என்று கோவையில் வேலியோரம் ஒதுங்கிய அதே சிறுவன், வளர்ந்து ஆளானதும், அந்தச் சொல்லையே கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சென்னைத் தெருக்களில் விற்றார். அவருடைய சகோதரியை மணந்த அயோத்திதாசப் பண்டிதருக்கே அந்தப் பெயரை ஏற்க மனமில்லை. அவர் வழி வேறு. இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் ஒளிந்து படித்தவனுக்கு, ஒளியாமல் நிற்பதே முதல் வெற்றி என்று தோன்றியதில் வியப்பென்ன?

அதே ஆண்டிலே இன்னொரு காரியம் செய்தார். அதற்காக அவரை இன்றும் குறை சொல்வோர் உண்டு. சீமையில் நடந்துவந்த ஐ.சி.எஸ். பரீட்சையை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. சீனிவாசன், கூடாது என்றார்; 3,412 கையெழுத்துகளோடு, 112 அடி நீளமான மனுவை இங்கிலாந்துப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார். வெள்ளையனுக்கு வால்பிடித்தார் என்று ஏசுவது சுலபம். கோவைப் பள்ளியின் கணக்கை நினைத்துப் பாருங்கள். 400 பேரில் பத்துப் பேர்! அந்தப் பள்ளிகளிலிருந்துதானே பரீட்சைக்கு ஆள் போகவேண்டும்? பள்ளியிலே நுழையவே முடியாதவனுக்குப் பரீட்சை லண்டனில் நடந்தாலென்ன, சென்னையில் நடந்தாலென்ன? கலெக்டர் நாற்காலியிலே வந்து உட்காரப் போகிறவன் மிராசுதார் வீட்டுப் பிள்ளை. இதைத்தான் அவர் சொன்னார்.

1900இல் கப்பலேறினார். லண்டன் போகப் புறப்பட்டவர், இடையிலே தென்னாப்பிரிக்காவில் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். இருபது ஆண்டு வெளிநாட்டு வாசம். அதை நீட்டிச் சொல்ல இங்கு அவசியமில்லை. திரும்பி வந்தவரை 1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமித்தார்கள். 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம்தான், பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாவற்றிலும் எந்த ஜாதியானும் நடமாடலாம் என்பது. சபை ஏற்றது, சர்க்கார் உத்தரவும் பிறந்தது.

தெருவில் நடப்பதற்கும் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது! தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று சர்க்கார் பலமுறை உத்தரவு போட்டதுண்டு. ஆனால் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது? அக்கிரகாரத்திலே, கோயில் திண்ணையிலே, சத்திரத்திலே. வாசல் திறந்திருந்தது, வாசலுக்குப் போகும் தெரு மூடியிருந்தது. தாகமெடுத்தால் குடிக்கப் பள்ளிக் கிணறும் மூடியிருந்தது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு சிறுவன் பறந்தா வருவான்? தெருவைத் திறக்காமல் பள்ளியைத் திறக்க முடியாது என்று கண்டவர் சீனிவாசன். அதே காலத்திலே தொழிலாளர் இலாகா சேரிகளின் அருகே பள்ளிகளைத் திறந்தது. இன்றுள்ள ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் அந்த வழி வந்தவை.

பசியும் ஒரு காரணம். அதை மறுப்பார் இல்லை. 1920இல் பிட்டி தியாகராயர் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே சோறு போட்டதும், 1956இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியதும், 1982இல் எம்.ஜி.ஆர். அதை விரித்ததும், 2022இல் காலைச் சிற்றுண்டி வந்ததும் அந்தக் காரணத்தை அறிந்ததால்தான். தமிழ்நாட்டிலே பிள்ளைகள் பள்ளியில் தங்கியதற்கு அந்தச் சோற்றுக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் சோறு போட்ட பிறகும் தறி இழுத்ததே! காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓடவேண்டும். நெசவாளிக்கோ இரண்டே கை. மூன்றாவது நாடாவை வாங்கித் தள்ள ஒரு சிறுவனின் கை வேண்டியிருந்தது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் தகப்பன் வாங்கிய முன்பணம், பிள்ளையின் கையைத் தறியோடு சேர்த்துக் கட்டிவிடும். 1986இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும், 2003இல் வந்த மனித உரிமைக் கண்காணிப்பக அறிக்கை, பட்டுத் தொழிலில் அடைபட்ட குழந்தைகளைப் பற்றிக் காஞ்சிபுரத்தின் பெயரைச் சொல்லியே எழுதிற்று. நெசவாளிக் குடும்பத்துப் பிள்ளைகளும் சிக்கினார்கள். நிலமும் தறியும் இரண்டும் இல்லாத சேரிப் பிள்ளைகள் அவர்களைவிட எளிதாகச் சிக்கினார்கள். கடன் கேட்க வேறு வாசல் இல்லாதவன் வீட்டிலிருந்துதான் கை முதலில் போகும். இன்று நிலை மாறியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் 2016இல் சட்டத்தைத் திருத்தி, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று வழிவிட்டிருக்கிறார்களே, அந்த உதவி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்க்கும் இன்ஸ்பெக்டர் யார்?

சீனிவாசன், அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று சர்க்கார் பட்டங்கள் வரிசையாக வந்தன. பட்டங்களில் நமக்குப் பெரிய மோகமில்லை. அவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. 1939இல், எண்பது வயதை நெருங்கியபோது, ஜீவிய சரித்திர சுருக்கம் என்று ஒரு சிறு நூல் எழுதினார். எத்தனையோ சம்பவங்களை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போகிற நூல் அது. லண்டன் மாநகரைக் கண்டவர், சட்டசபையில் அமர்ந்தவர், அந்த நூலிலே கோவைப் பள்ளியின் வெளிப்புறத்துக்கும் இடம் ஒதுக்கினார். உள்ளே போகாமல், புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்ததை எழுதினார். அதன்பின் ஆறு ஆண்டுகள் இருந்தார். 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.