கோயமுத்தூர் தாயி: அரக்குத் தட்டில் ஒரு குரல்

பழைய இசைத்தட்டு சேர்க்கிற பைத்தியம் பிடித்தவர்கள் நம் கல்லூரி நண்பர்களில் நாலைந்து பேராவது இருப்பார்கள். அவர்களிடம் கோயமுத்தூர் தாயி என்று சொன்னால், பாதிப் பேர் யார் அது என்றுதான் கேட்பார்கள். தென்னிந்தியாவில் கிராமபோன் காலெடுத்து வைத்த நாளில் வீட்டுக்கு வீடு ஒலித்த பெயர் அது. அவர் பாடிக் கொடுத்த தட்டுகள் ஏறக்குறைய 300 என்று கணக்குச் சொல்வார்கள். அந்த அம்மாளின் கதையில் நம்ம வடசென்னைக்கும் பங்கு உண்டு என்பதால் இந்த மலரில் எழுதுகிறேன்.

தாயி பிறந்தது 1872-இல், கோயமுத்தூரில். பழனிக்குஞ்சரம் என்பது வீட்டில் வைத்த பெயர். ஆட்டமும் பாட்டும் பரம்பரைத் தொழிலாக வந்த தேவதாசி குலம். தாயி பேர் வாங்கியது பாட்டில். கொஞ்ச காலத்தில் சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுன் பக்கம் குடியேறினார். அந்த நாளில் சங்கீதம் என்றால் ஜார்ஜ் டவுன்தான். வீணை தனம்மாள் இருந்ததும் அங்கேதான்.

ஆனால் காலம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. 1892, 1893 வாக்கில் சென்னையில் நாட்டிய எதிர்ப்பு இயக்கம் கிளம்பியது. தாசிகளை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடாதே, அவர்கள் கச்சேரிக்குப் போகாதே என்று படித்தவர்கள் பிரசாரம் செய்தார்கள். பாட்டு வேண்டும், பாடுகிறவள் வாசலோடு நிற்க வேண்டும் என்கிற நிலைமை. அந்தச் சமயத்தில்தான் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் குரல் தேடி இந்தியாவுக்கு வந்தார்கள்.

இயந்திரத்துக்குள் பாடினால் குரல் போய்விடும் என்று வித்வான்கள் பலர் தயங்கினார்கள். துணிந்து முன்னால் வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்: கல்கத்தாவில் கௌஹர் ஜான், நம் பக்கம் சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள், கோயமுத்தூர் தாயி.

அன்றைய ஒலிப்பதிவை ஒரு இஞ்சினியர் கண்ணோடு பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மைக் கிடையாது, மின்சாரம் கிடையாது. மின்முறைப் பதிவு வந்ததே 1925-இல்தான். பெரிய புனலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பாட வேண்டும். அந்தக் காற்றின் அதிர்வே ஒரு மெல்லிய தகட்டை ஆட்டி, அதில் இருக்கும் ஊசி சுழலும் மெழுகில் கோடு போடும். மேல் ஒலிகள் சரியாகப் பதியாது. பத்து அங்குலத் தட்டில் கிடைப்பது சுமார் மூன்று நிமிஷம். ஒரு மணி நேரம் விரித்துப் பாடுகிற ராகத்தை மூன்று நிமிஷத்தில் அடக்குவது சாமானியமா? தாயி அதை நூற்றுக்கணக்கான முறை செய்து காட்டினார்.

பதிந்த மெழுகு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் போகும். அங்கே உலோக அச்சு எடுத்து, தட்டாக அழுத்தி, மறுபடி கப்பலில் அனுப்புவார்கள். 1908-இல் கல்கத்தா சியால்டாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் தட்டு இங்கேயே தயாரானது. இதில் ஒரு வேடிக்கை: தட்டு செய்ய வேண்டிய அரக்கு நம் நாட்டுக் காட்டுச் சரக்கு!

தாயியின் தட்டுகளில் ஒன்று, ராமலிங்க சுவாமிகளின் அருட்பாவை ராகமாலிகையாகப் பாடியது. வள்ளலார் இளமையில் வாழ்ந்தது ஏழுகிணறு பக்கம். அங்கிருந்து திருவொற்றியூர் தியாகராஜரையும் வடிவுடையம்மனையும் கும்பிட நடந்தே போவாராம். ராயபுரம், தண்டையார்பேட்டை தாண்டி, இன்று நாம் மெட்ரோ ரயிலில் போகிற தூரம். 1874-இல் வள்ளலார் சித்தி அடைந்தபோது தாயி இரண்டு வயசுக் குழந்தை. அருட்பாவா மருட்பாவா என்று புலவர்கள் நடத்திய சண்டை 20-ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் ஓயவில்லை. தாயி அந்த வழக்கு எதிலும் சேராமல் அருட்பாவைப் பாடித் தட்டில் ஏற்றினார்.

அந்தத் தட்டு போன இடம்தான் யாரும் எதிர்பார்க்காதது. 1912-ஆம் வருஷம் இந்தியாவுக்கு வந்த மாரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், ராவெலின் மாணவர், இங்கே வாங்கிய தட்டுகளைப் பாரிஸுக்குக் கொண்டு போனார். தாயியின் தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கமகத்தையும் விடாமல் ஸ்வரம் ஸ்வரமாக எழுதி, ராகமாலிகா என்ற பெயரிலேயே ஒரு படைப்பை வெளியிட்டார். அதில் பாடகர் பாடுவது தமிழில்! நம் தாளவாத்திய ஒலிக்கு அருகில் வர, பியானோவின் ஒரு தந்தியின் கீழ் அட்டைத் துண்டு செருகச் சொல்லியிருக்கிறார். பியானோவையே இப்படி மாற்றி வைத்து வாசிக்கும் முறை ஐரோப்பாவில் பின்னாளில் பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு ஆரம்ப உதாரணங்களில் இதையும் சேர்ப்பார்கள்.

தாயி 1917-இல் காலமானார், 45 வயசில். மின்முறைப் பதிவையோ, 1948-இல் வந்த வினைல் லாங் பிளே தட்டையோ அவர் பார்க்கவில்லை. 1947-இல் தேவதாசி முறை சட்டப்படி ஒழிந்தது, அது நல்லதே. ஆனால் அந்தப் பெண்கள் வளர்த்த பாட்டைச் சபையில் ஏற்றி வைத்தவர்கள், பாடியவர்கள் பெயரை மட்டும் வசதியாக மறந்து போனார்கள். உள்ளே விட மறுத்த வீடுகளிலும் தாயி பாடினார் என்றால் அது தட்டின் உபகாரம். இன்றைக்கும் அவருக்குச் சாட்சி சொல்ல அந்தத் தட்டுகள்தான் இருக்கின்றன.

அவையும் எத்தனை நாளைக்கு? பழைய தட்டு தேடுகிறவர்களுக்கு ஒரு கோயில் மாதிரி இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போச்சு. மிச்சம் வீட்டுப் பரண்களில்தான்.

அதனால் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பரணில் ஏறிப் பாருங்கள். கனமான, கறுப்பான, தட்டினால் ஓடு மாதிரி சத்தம் வருகிற தட்டு இருந்தால் அது அரக்கு. கீழே விழுந்தால் உடையும். ஸ்பிரிட் போட்டுத் துடைக்காதீர்கள், அரக்கு கரைந்துவிடும். படுக்கையாக அடுக்காமல் நெட்டுக்குத்தலாக வையுங்கள். லாங் பிளே ஊசியில் போடாதீர்கள். 78-இன் பள்ளம் அகலம், அதற்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்த ஊசி வேண்டும். வைத்துக்கொள்ள வசதி இல்லையா, தரமணி ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். பழைய இரும்புக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கட்டில் தாயி இருக்கலாம்.