இசையை நிறுத்திய மாணவர்

தமிழ்த் தாத்தா என்று நாட்டவர் போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் 1887-ஆம் ஆண்டில் அச்சிட்டு உதவியதை நம் சமணப் பெருமக்கள் நன்கு அறிவர். அதற்கு முன் அவர் மாணவராக வாழ்ந்த ஆண்டுகளை நம் இல்லத்துச் சிறார் அவ்வளவாக அறியார். படிக்கும் பிள்ளைகளின் கருத்தைத் தொலைக்காட்சியும் கைபேசியும் பல திசைகளில் ஈர்க்கும் இந்நாளில், அப்பகுதியையே சிறப்பாக எழுதப் புகுகின்றோம்.

ஐயரவர்கள் 19-2-1855 அன்று பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், கனம் கிருஷ்ணையரிடம் பயின்ற இசைவாணர். இசையே அக்குடும்பத்தின் சொத்து. அதுவே சோறும் போட்டது. மகன் உள்ளமோ தமிழ் நூல்களில் படிந்தது. அவருக்குத் தக்க ஆசிரியர் வேண்டி அரியலூர், குன்னம் எனப் பல ஊர்களில் அக்குடும்பம் மாறி மாறிக் குடியிருந்தது. இறுதியில், 1871-இல், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அவர் மாணவராகச் சேர்ந்தார்.

சேர்ந்த உடனே விரும்பியவாறு பாடம் கிடைத்துவிடவில்லை. பிள்ளையவர்களோ ஓய்வின்றி நூல் இயற்றுபவர். அவருடைய மாணவரான சவேரிநாத பிள்ளையே முதலில் பாடம் சொல்லி வந்தார். ஆசிரியரிடமே நேரில் கேட்க வேண்டும் என்னும் வேட்கை இளைஞரை வாட்டியது. பிள்ளையவர்கள் தம் வீட்டுத் தோட்டத்தில் மரங்களை நட்டு, நாள்தோறும் காலையில் அவற்றில் புதுத்தளிர் விட்டிருக்கிறதா என்று ஆவலுடன் பார்ப்பது வழக்கம். இதனைக் கண்டுகொண்ட மாணவர் அவருக்கு முன்னரே எழுந்து, தளிர்த்த இடங்களைத் தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டலானார். ஆசிரியர் முகம் மலர்ந்தது, அன்பு வளர்ந்தது, விரும்பிய பாடமும் நேரிலேயே கிடைத்தது. இதனைத் தந்திரம் என்று சிலர் நகைக்கலாம். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. விடியற்காலையில் இலை இலையாகத் தேடிய அக்கண்கள் உண்மையில் தேடியது பாடத்தையே அன்றோ?

இனி இசைக்கு வருவோம். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்திலேயே வாழ்ந்து வந்தார். தந்தையாரின் விருப்பப்படி மாணவர் அவரை அடுத்து இசையும் பயிலத் தொடங்கினார். இது பின்னர்ப் பிள்ளையவர்களுக்குத் தெரியவந்தது. இசையில் மிகுதியாகப் பழகினால் இலக்கிய இலக்கணத்தில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்பது அவர் கருத்து. ஒருபுறம் தந்தையின் விருப்பம். மறுபுறம் ஆசிரியரின் மனக்குறிப்பு. இசை தீய வழியன்று, வீண்பொழுதும் அன்று, பரம்பரையாக வந்த கலை. கற்பிப்பவரும் பெரும்புலவர். இருந்தும் அந்த இளைஞர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார்.

பிள்ளையவர்களின் கருத்தை நாம் முழுதும் ஒப்பவில்லை. இசை கற்ற பிள்ளைகள் செய்யுளைச் சந்தம் பிறழாமல் படிப்பதை நாம் கண்டிருக்கின்றோம். ஆயினும் இருவர் வாயிலில் நின்று இரு பெருங்கலைகளை ஒருங்கே கற்பது அரிது. தீயதை விலக்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்வது நமக்கு எளிது. நல்லவை இரண்டனுள் ஒன்றைச் சிலகாலம் விடுமாறு எந்தத் தாய்தந்தையர் சொல்லத் துணிவர்?

1876-இல் பிள்ளையவர்கள் மறைந்தார். 1880-இல் ஐயரவர்கள் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டு அக்டோபரில் சேலம் இராமசாமி முதலியார் அவரிடம் சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவியதும், அதனால் அவர் கருத்து பழந்தமிழ் நூல்களின்பால் திரும்பியதும் பலரும் அறிந்தவை. கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் மீண்டும் மாணவரானார். சமண சமயக் கொள்கைகள் விளங்காமல் திகைத்து, அவ்வூரில் வாழ்ந்த நம்மவர் இல்லங்களை நாடினார். சந்திரநாத செட்டியாரும் வீடூர் அப்பாசாமி நயினாரும் அவர் ஐயங்களைத் தீர்த்தனர். அவர் கேள்விகளின் நுட்பத்தைச் செவியுற்ற ஒரு பெண்மணி, வேற்றுச் சமயத்தவரான அவரைப் பவ்விய ஜீவன் என்று மதித்து, வீட்டினுள்ளிருந்தே கூறினாராம். அவ்வம்மையாருடைய கேள்விச் செல்வத்தை எண்ணி நாம் பெருமிதம் கொள்கின்றோம்.

அச்சிந்தாமணியில்தான் காந்தருவதத்தையும் சீவகனும் யாழிசையில் போட்டியிடும் பகுதி வருகின்றது. 1892-இல் அவர் பதிப்பித்த சிலப்பதிகாரத்திலோ அரங்கேற்று காதை முழுதும் இசை நாடக நுட்பங்களே. இளமையில் கேட்ட இசை அங்கெல்லாம் அவருக்குத் துணை நின்றிருக்கும் என்றே நாம் கருதுகின்றோம். முதுமையில் அவர் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றையும், தாம் பாடம் கேட்பதை நிறுத்திக்கொண்ட அந்தக் கோபாலகிருஷ்ண பாரதியாரின் வரலாற்றையும் தனித்தனி நூல்களாக எழுதி வைத்தார்.