ராம்-லாக்கில் இருக்கும் 'ராம்' யார்?

மேட்லாபில் இமேஜ் புராசஸிங் லேப் முடிச்சவங்க 'ஐரேடான்' ஃபங்ஷனைப் பார்த்திருப்பீங்க. ஃபில்டர் பேரை நீங்க கொடுக்கலைன்னா அது தானாகவே எடுத்துக்கொள்வது 'ராம்-லாக்'. ரெக்கார்டு நோட்டில் எழுதிட்டுக் கடந்துபோன அந்தப் பெயரில் 'லாக்' என்பது ஏ. வி. லக்ஷ்மிநாராயணன். 'ராம்' என்பது ஜி. என். ராமச்சந்திரன். உங்க வீட்டில் யாருக்காவது சிறுநீரகக் கல்லுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தால், இந்த மனிதரை நீங்க தெரிஞ்சுக்கணும்.

பெயரின் முன்னால் இருக்கும் 'ஜி' கோபாலசமுத்திரம், நெல்லைப் பக்கத்து ஊர். பிறந்தது 1922 அக்டோபர் 8, எர்ணாகுளத்தில். அப்பா கணிதப் பேராசிரியர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் முடித்து, 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தார். எந்தத் துறை தெரியுமா? எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்! அங்கே இருந்த சர் சி. வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் இன்னொரு டாக்டர் பட்டம். 1952-ல், முப்பது வயதை ஒட்டி, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கே தலைவர்.

சென்னையில்தான் அவருடைய பெரிய வேலைகள் நடந்தன. நம்ம தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி இருக்குன்னு 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து சொன்னார். 1963-ல் வந்தது, இன்றும் பயோடெக் பசங்க படிக்கும் ராமச்சந்திரன் வரைபடம்.

அடுத்து அவர் கை வைத்தது வேறொரு புதிர். உள்ளே இருப்பதை வெட்டாமல், வெறும் நிழல்களை மட்டும் வைத்து எப்படிப் படமாக்குவது?

நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நினைச்சுப் பாருங்க. மெல்லிய பிளவு வழியாக வரும் ஒளியை வரி வரியாகச் சேர்த்து, நூறு ஆண்டுக்கும் முன்பே அங்கே சூரியனைப் படம் பிடித்தாங்க. அங்கே ஒவ்வொரு வரியும் எந்த இடத்துடையது என்று தெரியும். எக்ஸ்ரேயில் அது தெரியாது. உடம்பைக் கடந்து வரும் கதிர், வழியில் மொத்தம் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் சொல்லும். எங்கே குறைந்தது என்று சொல்லாது. எல்லாக் கோணத்திலிருந்தும் எடுத்த நிழல்களை அப்படியே திரும்பப் பூசினால் கல் தெரியும், ஆனா சுற்றிலும் மங்கல் படரும்.

1971-ல் ராமச்சந்திரனும் லக்ஷ்மிநாராயணனும் சொன்ன வழி எளிமையானது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு ஃபில்டரோடு கான்வொலூஷன் பண்ணுங்க. ஃபில்டரின் இரு பக்க எதிர்மறை மதிப்புகள் அந்த மங்கலை அழித்துவிடும். ஃபூரியர் மாற்றம் வேண்டாம்; பெருக்கலும் கூட்டலும் போதும். அந்தக் காலக் கம்ப்யூட்டருக்கு இது பெரிய வரம்.

ஸ்கேன் அறையில் சொல்வதற்கெல்லாம் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கு. சி.டி. படம் கேமராவில் எடுத்த போட்டோ இல்லை. கணக்குப் போட்டு வந்த விடை. மூச்சை அடக்கச் சொல்றாங்களே, ஏன்? மூச்சோடு சிறுநீரகமும் மேலும் கீழும் நகரும். நகர்ந்தால் ஒரு கோணத்தின் நிழலுக்கும் அடுத்ததுக்கும் ஒத்துப்போகாது. இன்னொன்று, ராம்-லாக் படத்தைக் கூர்மையாக்கும்போது இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். கதிர் குறைந்தால் இரைச்சல் கூடும். ஆனா கல் அடர்த்தியானது, கொஞ்சம் புள்ளி விழுந்த படத்திலும் பளிச்சென்று தெரியும். அதனால்தான் கல்லுக்கு மட்டும் என்றால் குறைந்த கதிர் ஸ்கேனே பெரும்பாலும் போதும். வழக்கமான வயிற்று ஸ்கேன் சுமார் 10 மில்லிசீவர்ட் என்றால், இது 3, 4-க்குள் முடியும். டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை.

கல்லுக்கான ஸ்கேனுக்கு மருந்து ஊசி பொதுவாகத் தேவையில்லை. சிறுநீரில் ரத்தம் போன்ற காரணத்துக்கு எடுக்கும் சி.டி. யூரோகிராமுக்குத்தான் அயோடின் மருந்து ஏற்றுவாங்க. ஏற்றும்போது உடம்பு சூடாவது போல இருக்கும், பயப்பட வேண்டாம். அது சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் என்பதால் முன்னாடியே கிரியாட்டினின் பார்ப்பாங்க. அலர்ஜி, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை, கர்ப்பம் எதுவானாலும் முதலிலேயே சொல்லிடணும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்டுதான்.

ராமச்சந்திரனின் கதைக்கு வருவோம். 1979-ல் சி.டி.க்கான நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் போனது. இதே மாதிரிக் கணக்கை 1967-லேயே ரேடியோ வானியலுக்காக பிரேஸ்வெல்லும் ரிடிலும் போட்டிருந்தாங்க என்பதையும் சொல்லியாகணும். ஆனா அதை எக்ஸ்ரே படங்களுக்குக் கொண்டுவந்தது நம்ம ஆட்கள். பெங்களூருவில் மூலக்கூறு உயிரியற்பியல் துறையை நிறுவிய ராமச்சந்திரன், கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோயோடு போராடி, 2001 ஏப்ரல் 7-ல் சென்னையில் காலமானார்.

தாண்டிக்குடி, பூம்பாறை பக்கத்திலிருந்து வீட்டுப் பெரியவங்களை ஸ்கேனுக்குக் கீழே கூட்டிட்டுப் போறவங்க நம்மில் நிறையப் பேர். பழைய படங்களையும் சி.டி.யையும் கையோடு எடுத்துட்டுப் போங்க; அதே ஸ்கேனைத் திரும்ப எடுக்கும் செலவும் கதிரும் மிச்சமாகலாம். மூச்சை ஏன் அடக்கணும்னு பாட்டிக்குப் புரியவைக்க, இனிமே உங்களால் முடியும்.